நைட் ஹால்ட், நாகலூர்

கடைசி டிரிப் ஒன்பது இருபதுக்கு வந்து நிற்கும்.
கலெக்‌ஷனை எண்ணிக் கட்டிப்
பையைத் தலைமாட்டில் வைத்த பிறகு
சீட்டுக்கு அடியிலிருந்து கிதாரை இழுப்பேன்.
செவ்வாய்ப்பேட்டை அடகுக்கடையில் யாரோ மீட்காமல் விட்டது,
இரண்டாயிரத்து முந்நூறு.
உறை கிடையாது. சிமெண்டுச் சாக்கில்தான் மலையேறுகிறது.

என் இடது கை கெட்டிக்காரக் கை.
பத்து, இருபது, ஐம்பது, நூறு என்று
விரலிடுக்குக்கு ஒரு நோட்டாய் நீளவாக்கில் மடித்துப்
பதினேழு வருடமாய் எந்த நெரிசலிலும் கலக்காமல் வைத்திருக்கிறது.
அதே கையிடம் மூன்று கம்பியை அழுத்தச் சொன்னால்
சில்லறை கேட்கப்பட்ட பயணி மாதிரி
ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறது.

இங்கிலீஷ் பாட்டு.
போன மே மாதம் மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில்
பின்சீட்டுக் காலேஜ் பசங்கள் ஆறு பேர்
பதினோராவது வளைவில் தொடங்கி இருபதில் முடித்தார்கள்.
அவர்களின் அப்பன்கள் பிறக்கும் முன்னே வந்த பாட்டாம்.
எனக்குப் புரிந்தது ஒரே சொல்: விண்டோ.
இரண்டாம் முறை கேட்டபோது அதுவும் சந்தேகம்.

நாலே கோர்டு என்கிறான் செல்போனில் ஒருவன்.
முகம் காட்டமாட்டான், கை மட்டும்.
சி-யும் ஏ மைனரும் அடிவாரத்துச் சாலை.
எஃப், கொண்டையூசி.
ஆள்காட்டி விரலை ஆறு கம்பிக்கும் குறுக்கே
ரயில்வே கேட் மாதிரி கிடத்த வேண்டும்.
எப்படிக் கிடத்தினாலும்
ஏதோ ஒரு கம்பி சைக்கிளைச் சாய்த்துக் குனிந்து நுழைந்துவிடுகிறது.
டப் என்று செத்த சத்தம்.

சூடு ஆறாத பானெட் மேல் போர்வைக்குள்ளிருந்து
டிரைவர் அர்த்தனாரி அண்ணன்:
"யோவ், கிளட்ச்சை மிதிக்காம கியர் போடறியா?"

சேலம் டெப்போ வெயிலில் சேர்த்த சுருதி
இங்கே குளிரில் இறுகி ஏறி நிற்கும்.
தினம் முறுக்கித் தணித்துவிட்டுத் தொடங்குவேன்.
வீடியோவோ சரியாக எஃப்பில் சிக்னல் போய்ச் சுற்றும்.
அது சுற்றி முடிக்கிறவரை நானும் காத்திருப்பேன்.
மூன்றாம் வாரம் விரல் நுனி தடித்து
மெஷின் பட்டன் அமுங்குவதே தெரியாமல்
அடிவாரம் ஒன்று கேட்டவருக்கு இரண்டு அடித்துவிட்டேன்.
கைக்காசு போனது.

அப்புறம்தான் அந்தச் சின்னப்பெண்.
காப்பித் தோட்டத்து வெள்ளையம்மாவின் மகள் பவிஷா,
முதல் டிரிப், மூன்றாவது ஜன்னல், அரை டிக்கெட்.
முணுமுணுத்துக்கொண்டு வந்தாள்.
என் பாட்டு.
சி, ஏ மைனர், அங்கே நிறுத்தினாள்.
ஒரு மூச்சு. ஒன்றரை.
ஜன்னல் கம்பியில் ஆள்காட்டி விரலைக் கிடத்தி அழுத்தினாள்.
பிறகு தொடர்ந்தாள்.

அங்கே ஏன் நிறுத்துகிறாய் என்றேன்.
"பாட்டே அப்படித்தானே."
"எங்க லைன் வீடு பூரா அப்படித்தாங்க பாடுது" என்றாள் வெள்ளையம்மா.
"ராத்திரி வேற என்ன கேக்குது இங்க?"

வெள்ளிக்கிழமை எஃப் விழுந்தது.
ஆறு கம்பியும் பேசின.
நம்பாமல் மறுபடி பிடித்தேன், பேசின.
நிற்காமல் கடந்து, கடைசி வரை போய்,
திரும்ப முதலிலிருந்து வந்தேன்.
போர்வை "ம்" என்றது.
வெளியே பனியில் பேருந்தின் பெயர்ப்பலகை
நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது.
யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.
மணி பதினொன்று. வீட்டில் தூங்கியிருப்பார்கள்.

காலையில் பவிஷா டிக்கெட்டை வாங்கவில்லை.
"நேத்து தப்பா வாசிச்சீங்க."
"சரியாத்தான் வாசிச்சேன்."
"இல்ல. நிக்காம ஓடிப் போயிட்டீங்க."
அம்மா அவள் தொடையைக் கிள்ளினாள்.
அவள் எனக்குச் சொல்லிக் கொடுக்கிறவள் போல
முதலிலிருந்து மெல்ல ஆரம்பித்தாள்.

பதினெட்டாவது வளைவு வந்தது.
அவள் நிறுத்திய இடத்தில்
அண்ணன் கிளட்ச்சை மிதித்தார்.
மூன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே
வண்டி எந்தக் கியரிலும் இல்லாத
அந்த ஒன்றரை மூச்சு.
கம்பியைப் பிடித்து எல்லோரும் ஒருபக்கமாய்ச் சாய்ந்தோம்.

அடிவாரம் ஒண்ணா?
சில்லறையா குடுங்க.